வேணும், வேண்டும், வேண்டுதல்

அழைப்பிதழில் ஒரேயொரு வரிதான் மிச்சம். சிங்களத்தில் 'ஆகமிக வதாவத்' என்று இருந்தது, ஆங்கிலத்தில் 'பிரேயர்ஸ்'. தமிழில் என்ன போடுவது?

நுகேகொடையில் ஒரு வாடகை அறை, இரவு பதினொரு மணி, நாங்கள் நாலு பேர். அது ஏப்ரல் 21 நினைவு நிகழ்வுக்கான அழைப்பிதழ். காலையில் அச்சுக்குப் போகவேண்டும். கொட்டாஞ்சேனைக்காரி யோசிக்காமலே "செபம் எண்டு போடு" என்றாள். வெள்ளவத்தையில் வளர்ந்தவன், "பிரார்த்தனை எண்டு போட்டா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை" என்றான். அக்கரைப்பற்றிலிருந்து வந்தவள், "அது கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கு. எங்கட ஆக்கள் துஆ எண்டுதானே சொல்லுவம்" என்றாள். மட்டக்களப்புக்காரன் கடைசியாக வாயைத் திறந்தான்: "செபம் இல்லடா. ஜெபம்."

சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த தேவாலயங்கள் மூன்று. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தமிழ்ச் சனம் சொல்வது செபம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அது ஜெபம். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் சிங்களத்தில் 'யாச்ஞாவ'. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமைத் தொழுகையை வீட்டிலேயே தொழும்படி முஸ்லிம்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கத்தோலிக்கர்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும் என்றுதான் அன்றிரவு மினக்கெட்டோம். அந்தத் தேடல் அழைப்பிதழோடு முடியவில்லை. பிறகு நூலகத்திலும் பஸ்ஸிலும் தொடர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் கண்ணில் பட்டது அகராதி இல்லை, இலக்கணம். 'யாரை, எதை' என்று கேட்டால் வரும் பதிலைப் பாருங்கள். சைவ வீட்டில் "சாமியைக் கும்பிட்டியா?" என்பார்கள். செயப்படுபொருள் சாமி. முஸ்லிம் வீட்டில் "சுபஹ் தொழுதாச்சா?" என்பார்கள். செயப்படுபொருள் இறைவன் இல்லை, அந்த வேளைக்குரிய தொழுகை. கத்தோலிக்க வீட்டில் "செபமாலை சொல்லியாச்சா?" அங்கே செயப்படுபொருள் ஒரு பாடம், வாயால் சொல்லி முடிக்கவேண்டிய ஒன்று. சுவிசேஷ சபைக்குப் போனால் "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்பார்கள். 'ஐ' உருபே காணாமல் போய், 'உங்களுக்காக' வந்து முன்னுக்கு நிற்கிறது. ஒரே ஒழுங்கையில் நாலு வீடு, நாலு வாக்கிய அமைப்பு. இறையியல் புத்தகம் சொல்லாததை வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது என்று எங்களுக்குத் தோன்றியது. மிகைப்படுத்துகிறோமோ தெரியாது. ஆனால் அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர் பேசும்போது கவனித்துப் பாருங்கள்.

சரி, செபம். இது வடமொழி 'ஜப'விலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்கு முணுமுணுத்தல், மெல்லிய குரலில் சொல்லுதல் என்று பொருள். கேட்டல், இரத்தல் என்ற பொருளெல்லாம் அதில் இல்லை. தமிழுக்குள் வரும்போது ஜகரம் சகரமானது, அதோடு சேர்ந்து உயிரும் மாறியது. ஜகம் செகம் ஆனது போல, ஜனனம் செனனம் ஆனது போல, ஜபம் செபம் ஆனது. ('ச' என்ற எழுத்தில் சொல்லே தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. 'செ'வில் தொடங்கத் தடையில்லை. சட்டை, சண்டை, சக்கரை எல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் அந்த விதியை மீறியே வாழ்கிறோம் என்பது வேறு கதை.)

இந்தச் சொல் கிறிஸ்தவர்களுடையது என்று எங்களில் மூன்று பேர் நினைத்திருந்தோம். பிழை. அது முதலில் சைவர்களிடம் இருந்த சொல். பஞ்சாட்சர செபம் என்பது இன்றும் சைவ வழக்கில் உண்டு. செபத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: பிறர் கேட்கச் சொல்வது, தன் காதுக்கு மட்டும் கேட்கச் சொல்வது, நாவசையாமல் மனதால் எண்ணுவது. மூன்றாவதுதான் உயர்ந்தது. சத்தமாகச் சொல்வதற்குப் பலன் குறைவு. ஒலிபெருக்கி வைத்திருக்கும் எந்தச் சமயத்தவருக்கும் இந்தத் தரவரிசையை நாங்கள் அனுப்பிவைக்கத் தயார்.

மிஷனரிகள் வந்தபோது புதிதாக ஒரு சொல்லைச் செய்யவில்லை. ஊரில் புழங்கிய சைவச் சொற்களையே எடுத்தார்கள். செபம், பூசை, மந்திரம் எல்லாம் அப்படிப் போனவைதான். கத்தோலிக்கர்கள் இன்றைக்கும் பரலோக மந்திரம் என்கிறார்கள். பிறகுதான் எழுத்து பிரிந்தது. கத்தோலிக்கர் செபம் என்று தமிழ் எழுத்தில் நின்றார்கள், புரட்டஸ்தாந்தர் ஜெபம் என்று கிரந்த எழுத்தை வைத்துக்கொண்டார்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் சேசு, மற்றவர்களிடம் இயேசு என்ற அதே பிரிவுதான். வினையும் பிரிந்தது. கத்தோலிக்கர் செபம் 'சொல்லுவார்கள்', புரட்டஸ்தாந்தர் ஜெபம் 'பண்ணுவார்கள்'. சொல்வதற்கு ஏற்கெனவே எழுதிய வாசகம் ஒன்று வேண்டும். பண்ணுவதற்கு வேண்டாம். ஒரு துணைவினைக்குள் நாலைந்து நூற்றாண்டுச் சண்டை சுருண்டு கிடக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. யாழ்ப்பாணத்தில் பத்திரிசியார் கல்லூரி தெரியுமல்லவா? அந்தப் பத்திரிசியாரின் நாடான அயர்லாந்தின் மொழியில் செபத்துக்கு 'பாஜிர்' என்று ஒலிக்கிற ஒரு சொல் இருக்கிறது. மூலம் இலத்தீன் 'பாதேர்', அதாவது தந்தை. கர்த்தர் கற்பித்த செபம் இலத்தீனில் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. தொடக்கச் சொல்லே செபத்தின் பெயராகி, பிறகு எல்லாச் செபத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதற்குச் சிறுமை விகுதி சேர்த்தால் செபமாலை. அவர்களும் அதைச் 'சொல்லுகிறார்கள்'. எங்கள் பரலோக மந்திரமும் அதன் தொடக்கச் சொல்லால் பெயர் பெற்றதுதான். இதைவிட வேடிக்கை, அதே 'பாதேர்' போர்த்துக்கேயத்தில் 'பாத்ரே' ஆகித் தமிழுக்குள் 'பாதிரி'யாக வந்து சேர்ந்தது. ஒரு வேர்ச்சொல் அங்கே செபமானது, இங்கே செபம் சொல்லித்தருகிற ஆள் ஆனது.

அயர்லாந்து மொழியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, 'கீ'. அதற்குச் செபித்தல் என்றும் பொருள், விரும்புதல், வாழ்த்துதல் என்றும் பொருள். ஆக அங்கேயும் இரண்டு வகை: வாய் சொல்கிற பாடத்தின் பெயர் ஒன்று, மனம் விரும்புவதன் பெயர் இன்னொன்று. தமிழில் அந்த இரண்டாவது வகை எது என்று தேடப்போய்த்தான் எங்களுக்கு 1544ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கிடைத்தது.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கேயமும் தெரிந்த ஊராரைப் பிடித்துச் செபங்களைத் தமிழாக்குவித்து, அதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, பரதவர் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மொழி தெரியாத ஆள் அந்த மொழியிலேயே வேண்டக் கற்றுக்கொடுக்கிறார். என்ன துணிச்சல் என்று நினைத்தோம். பிழை வராமல் இருக்குமா? 1544இல் தன் துணைவர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசம்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேணும் என்றால் விரும்புகிறேன், விசுவாசம் என்றால் நம்புகிறேன், ஆகவே இனி விசுவாசம் என்றே சொல்லும் என்கிறார் சவேரியார்.

'கடவுளை நம்புகிறேன்' என்பதற்கு, 'கடவுள் எனக்கு வேணும்' என்கிற மாதிரி ஒன்றைக் கரையோரமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாகப் பிழைதான், சவேரியார் திருத்தியது சரிதான். ஆனாலும் எங்களால் அந்தப் பிழையைக் கடந்துபோக முடியவில்லை. மொழிபெயர்த்தவர் யாரென்று தெரியாது. 'நம்பு' என்று கேட்டபோது அவருக்கு 'வேணும்' என்றுதான் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு விறுவிறு என்று அச்சு வருகிறது. 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்களை ரோம எழுத்தில் அச்சடித்தார்கள். அதைச் செய்தவர்கள் விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர். பெயர்கள் போர்த்துக்கேயப் பெயர்கள், ஆட்கள் எங்கட ஆட்கள். 1578 ஒக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் வந்தது. பதினாறு பக்கம். அண்டிரிக் அடிகளார் என்று நாங்கள் படித்த என்றிக்கே என்றீக்கஸ் செய்தது. அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்பதும் சைவ மடத்துச் சொல்தான்.

தலைப்பைக் கவனியுங்கள். செபம் இல்லை, வணக்கம். வளைதல், தாழ்தல் என்ற பொருளுடைய வணங்கு என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். முழங்கு முழக்கம் ஆவது போல, இயங்கு இயக்கம் ஆவது போல, மெல்லெழுத்து வல்லெழுத்தாகி அம் விகுதி பெற்றது. இந்த நூல்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் முதலில் உரக்கப் பேசியவர் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்த தனிநாயகம் அடிகளார். 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடித் திரிந்து, 'தமிழ் கல்ச்சர்' இதழில் எழுதினார். 1679இல் வெளிவந்த அந்தாம் த புரோயென்சாவின் தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புச் செய்தார். அவ்வளவு தூரம் போய்த் தமிழ்ச் சொற்களைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த வேலையைப் பற்றி எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டு வரிதான் வருகிறது.

இப்போது வணக்கம் என்றால் என்ன? தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் சொல்வது. மேடையில் எல்லோரும் தொடங்குவது. ஒரு காலத்தில் ஒரு செப நூலின் தலைப்பாக இருந்த சொல் இன்று காலை மாலை முகமன். ஆங்கிலத்தில் எதிர்த் திசையில் ஒன்று நடந்திருக்கிறது. மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் செபத்தைக் குறித்தது. செபத்தை எண்ணப் பயன்பட்ட மணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, செபம் உதிர்ந்துவிட்டது. அதன் உறவான ஒல்லாந்தச் சொல் 'கெபெட்' இன்னமும் செபத்தைத்தான் குறிக்கிறது. கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடம் வைத்து 1737இல் முதல் சிங்கள நூலை அச்சடித்தபோது, தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. அதுவும் செபப் புத்தகம். தமிழில் அச்சான முதல் நூலும் சிங்களத்தில் அச்சான முதல் நூலும் இரண்டும் வேண்டுதல்கள் என்பதை இந்த நாட்டில் எத்தனை பேர் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

சிங்களக் கத்தோலிக்கரின் 'யாச்ஞாவ' என்ற சொல் கேட்பதை, இரப்பதைக் குறிக்கும் வடமொழிச் சொல். எங்கள் 'யாசகம்' அதே வேர்தான். பிரார்த்தனையும் கேட்பதுதான், நாடுவதுதான். ஆங்கில 'பிரேயர்' இலத்தீனில் இரத்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அரபு 'துஆ' அழைத்தல். அகராதியைப் புரட்டப் புரட்ட, அந்த இரவில் நாங்கள் அடிபட்ட சொற்களில் பாதிக்கு மேல் ஒரே காரியத்தைத்தான் சொல்கின்றன என்று தெரிந்தது. அடி ஆழத்தில் எல்லாம் 'தா'. செபமும் கும்பிடுதலும் தொழுதலும் வணங்குதலும் மட்டும்தான் வாயும் உடம்பும் என்ன செய்கின்றன என்பதைச் சொல்பவை.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. தொழு என்பது சங்க இலக்கியத்திலேயே இருக்கிற வினை. வருகை, செய்கை போல 'கை' விகுதி சேர்ந்து தொழுகை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அரபுச் சொல்லையோ பாரசீகச் சொல்லையோ அப்படியே எடுக்காமல், தொழுகை, நோன்பு, ஓதுதல் என்று பழந்தமிழ் வினைகளைத் தங்கள் கடமைகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கொட்டாஞ்சேனைக்காரிக்கு இது ஆச்சரியம். "அப்ப நாங்கள் சொல்லுறது வடமொழி, நீங்கள் சொல்லுறதா தமிழ்?" என்று கேட்டாள். அக்கரைப்பற்றுக்காரி பதில் சொல்லவில்லை, தேத்தண்ணியைக் குடித்தாள்.

இனி வேண்டு. இதைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

"எனக்குத் தேத்தண்ணி வேணும்." இந்த வாக்கியத்தில் எழுவாய் இடத்தில் நான் இல்லை. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். பசிப்பது, தெரிவது, பிடிப்பது போல வேண்டுவதும் எனக்கு நடக்கிற ஒன்று. அதுவே "நான் வேண்டுகிறேன்" என்றால், நான் எழுவாயாக வந்து முன்னால் நிற்கிறேன். ஒரே வினை. தேவை எனக்கு நடக்கிறது, வேண்டுதலை நான் செய்கிறேன். போகவேண்டும், படிக்கவேண்டும் என்ற கட்டாயத்துக்கும் அதே வினைதான். அதிலிருந்து பிறந்த வேண்டுகோள் கந்தோரில் கோப்புக்குள் போகிறது, வேண்டுதல் கோயிலுக்குப் போகிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு இன்னுமொன்று இருக்கிறது. மற்ற இடங்களில் 'வாங்கு' என்பதை அவர்கள் 'வேண்டு' என்பார்கள். "கடையில பாண் வேண்டிக்கொண்டு வா." "சும்மா இரு, அடி வேண்டுவாய்." வெள்ளவத்தை மார்க்கெட்டில் நின்றால் அரை மணித்தியாலத்துக்குள் இருபது தடவை கேட்கலாம். மீன் வேண்டுகிறார்கள், மரக்கறி வேண்டுகிறார்கள், மாலையில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போய் வரம் வேண்டுகிறார்கள். எங்களில் யாழ்ப்பாண வேர் உள்ளவனிடம் கேட்டோம்: "கடவுளிட்ட வேண்டுறது எண்டா கேக்கிறதா, எடுக்கிறதா?" அவன் கொஞ்சம் யோசித்து, "அம்மம்மாவைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்டுதான், அவ வேண்டாம வரமாட்டா" என்றான்.

'வேண்டிக்கொள்' என்பதில் வருகிற கொள் சும்மா ஒட்டிய வால் இல்லை. செய்பவனுக்கே பயன் திரும்பும்போது வருகிற துணைவினை அது. எடுத்துக்கொள், படித்துக்கொள் மாதிரி. ஆனால் மாதாவிடம் 'எங்களுக்காக' வேண்டிக்கொள்ளும்படி கேட்கும்போது பயன் போகவேண்டியது எங்களுக்கு, கொள் நிற்பதோ மாதா பக்கம். இலக்கணப்படி பார்த்தால், எங்கள் தேவையை அவர் தன்னுடைய தேவையாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்றாகிறது. மொழிபெயர்த்தவர்கள் இப்படி யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, தமிழ் யோசித்திருக்கிறது.

வேண்டும்போது கடவுளை எப்படி விளிக்கிறோம் என்பதும் இதற்குள் வருகிறது. பழைய பக்திப் பாடல்களில் இறைவன் பெரும்பாலும் 'நீ'. கிறிஸ்தவ செபத்தில் 'நீர்'. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு 'நீர்' என்றால் வேதாகமத் தமிழ், அல்லது பழைய படத்தில் வரும் புலவர். எங்களுக்கு அது இன்னும் உயிரோடு இருக்கிறது. "நீர் எங்க போறீர்?", "இரும், வாறன்" என்பது யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரரிடம் பேசுவது. 'நீ'யின் உரிமையும் இல்லை, 'நீங்கள்' என்பதன் தூரமும் இல்லை. ஆகவே 'தாரும்', 'வாரும்' என்று செபிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, கடவுள் அரசரும் இல்லை, அண்ணனும் இல்லை. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கிற ஆள் மாதிரி ஒரு மரியாதை.

'எங்கள்' என்பதையும் விடமுடியாது. தமிழில் முன்னிலையாரைச் சேர்த்துச் சொன்னால் நாம், நம். விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள், எங்கள். கடவுளைப் பார்த்து 'நம் தந்தையே' என்று அழைத்தால் கடவுளுக்கும் சேர்த்து ஒரு தந்தை வந்துவிடுவார். அதனால் அங்கே 'எங்கள்' என்றுதான் வரமுடியும். ஆங்கிலத்துக்கும் இலத்தீனுக்கும் இந்தக் கவலை இல்லை. ஆனால் இலங்கைப் பேச்சில் இந்த வேறுபாடு கிட்டத்தட்டத் தேய்ந்துவிட்டது. "வா, நாங்கள் போவம்" என்று கூட வருபவரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எங்கட 'எங்கட'வுக்குள் யார் இருக்கிறார், யார் வெளியே என்று சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 2019இல், குண்டுகள் வெடித்து மூன்று கிழமைக்குள், வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டன. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். "எங்கட சனம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது வகுப்பிலிருந்த யார் யார் அதற்குள் அடங்குவார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கரைப்பற்றுக்காரி இதை அன்றிரவுதான் முதன்முதலாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் மட்டக்களப்புக்காரன், "அப்ப மன்றாட்டு எண்டு போடுவமா?" என்று கேட்டான்.

மன்று என்றால் ஊர் கூடும் பொது இடம், வழக்குப் பேசும் சபை. மன்றாடு என்றால் அந்தச் சபையில் நின்று தன் பக்கத்தைச் சொல்லுதல். பிறகுதான் கெஞ்சுதல், இரத்தல். மன்றாட்டு அதன் தொழிற்பெயர், ஆடு ஆட்டு என்று இரட்டித்தது. நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் இருப்பது இதே மன்றுதான். "சந்தேக நபர் மன்றில் ஆஜர்" என்று எங்கள் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதுகின்றன. சோழர் கல்வெட்டில் மன்றாடி என்றால் இடையன், கோயில் விளக்குக்கு நெய் தரும் ஆடுகளைப் பொறுப்பேற்றவன். சிதம்பரத்துக்குப் போனால் மன்றில் ஆடுகிறவன் சிவன். அந்த வகையில் மன்றாடுவது கடவுளின் வேலையும்கூட. இன்றைய பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒருவர் ஒரு தேவையைச் சொல்வார், மற்ற எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். 'மன்றாடுவோமாக' என்று குருவானவர் அழைக்கும்போது வருகிற 'ஓமாக' கட்டளையும் இல்லை, எதிர்காலமும் இல்லை. பழைய 'வாழ்க'வுக்கு உறவான வியங்கோள். ஆங்கிலச் சட்டத்திலும் வழக்காளி தன் மனுவின் முடிவில் நீதிமன்றத்திடம் கேட்கிற பகுதிக்கு 'பிரேயர்' என்றுதான் பெயர்.

செபம் தனி அறைச் சொல். மன்றாட்டுக்கு நாலு பேர் வேண்டும், கேட்கிற ஒருவர் வேண்டும், பதில் சொல்லவேண்டிய கடமை ஒருவருக்கு இருக்கவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளைகளின் படம். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், அதே நேரம் ஜனாதிபதிக்கும் ஜெனீவாவுக்கும் மனு எழுதினார்கள். உறவினரைத் தேடி ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு. அவர்கள் செய்வதை வேண்டுதல் என்பதா, வேண்டுகோள் என்பதா? மன்றாட்டு என்ற சொல்லுக்கு அந்தச் சந்தேகம் வராது, அது இரண்டு வாசலிலும் நிற்கும்.

மன்றாட்டு என்றே முடிவெடுத்தோம். 'மன்றாட்டும் மௌன அஞ்சலியும்' என்று எழுதி, அக்கரைப்பற்றுக்காரி எழுத்துப் பிழை பார்த்து, இரவு ஒன்றரைக்கு அனுப்பினோம்.

அடுத்த நாள் பின்னேரம் அச்சாகி வந்தது. எங்கள் சொல் இல்லை. 'விளங்காது' என்று யாரோ மாற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் 'சர்வமதப் பிராத்தனை' என்று இருந்தது. ஆமாம், நடுவில் ஒரு 'ர்' இல்லை. நூற்றைம்பது பிரதி. சிங்களத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. வெள்ளவத்தைக்காரன் நாலு கறுப்புப் பேனா வேண்டிக்கொண்டு வந்தான். நிலத்தில் பாயைப் போட்டு இருந்து, ஒவ்வொன்றாக எடுத்து, 'ரா'வுக்கும் 'த்'துக்கும் நடுவில் மேலே ஒரு சின்ன 'ர்' போட்டோம். கொட்டாஞ்சேனைக்காரி செபமாலை எண்ணுவது போல எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றிருபதாவதில் பேனா மை முடிந்தது.